ஜனவரி நீண்ட வார இறுதி: ஒரே நாடு, ஆளுக்கொரு வானிலை. குடும்பம் எங்கே கூடுவது?

நாலுதிசை (மெல்பன்), செவ்வாய் இரவு

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவில் இப்போது கோடை. ஜனவரி 26 ஆஸ்திரேலிய தின விடுமுறையை ஒட்டி மூன்று நாள் கிடைக்கிறது. நாங்கள் உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். நான் தென்கிழக்கே மெல்பன், தம்பி மேற்கே பெர்த், தங்கை வடகிழக்கே டவுன்ஸ்வில். அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து டிசம்பரில் வந்து என்னோடு இருக்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து எல்லோரும் ஒரே வீட்டில் உட்கார ஒரு வாய்ப்பு. எங்கே கூடுவது என்றுதான் குழப்பம்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வீடியோவில் பேசினோம். இங்கே எட்டு மணி, தங்கைக்கு ஏழு, தம்பிக்கு ஐந்து. அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 17 டிகிரி, தூறல். தங்கை வீட்டில் மூன்றாவது நாளாக மழை. நாற்காலி முதுகெல்லாம் துணி காயப்போட்டிருந்தாள், எதுவும் காயவில்லை. தம்பி பனியனோடு வந்து நின்றான். சாயங்காலம் ஐந்து மணிக்கும் 39 டிகிரி, கடல் காற்றே வரவில்லை என்றான். அம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரே நாட்டுலதானே இருக்கீங்க?" என்று கேட்டார். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

என் கேள்வி இதுதான். ஜனவரி கடைசியில் வயதானவர்களையும் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு கூட எந்த ஊர் சரி? டவுன்ஸ்வில், பெர்த், மெல்பன் மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. ஒவ்வொருவரும் அவரவர் ஊருக்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

மழைமானி (வடக்கு குயின்ஸ்லாந்து), செவ்வாய் இரவு

அம்மா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. முதலில் தூரத்தைச் சொல்லுங்கள் அவரிடம். வடக்கே டார்வினிலிருந்து தெற்கே ஹோபார்ட் வரை நேர்கோட்டில் 3,700 கிலோமீட்டருக்கு மேல். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போனாலும் அவ்வளவு வராது. டார்வின் தெற்கு அட்சரேகை 12 பாகையில் இருக்கிறது. பூமத்தியரேகையிலிருந்து சென்னை எவ்வளவு தள்ளியோ கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஹோபார்ட் 43 பாகை. வடக்கே பருவமழை, தெற்கே தென்கடலின் குளிர்காற்று, நடுவில் பாலைவனம். மூன்றும் ஒரே நாளில் வேலை செய்கின்றன.

நான் இங்கே இருபது வருடமாக இருக்கிறேன். தங்கையின் ஊரைத் தவறாகச் சொல்ல மனசு வரவில்லை, ஆனால் ஜனவரி கடைசி என்றால் வேண்டாம் என்பேன். 2019ல் என்ன நடந்தது என்று தங்கைக்குத் தெரிந்திருக்கும். ஜனவரி கடைசியில் பிடித்த மழை பிப்ரவரி முதல் வாரம் தாண்டியும் விடவில்லை. பருவமழைத் தாழ்வழுத்தம் டவுன்ஸ்வில் பக்கத்திலேயே நகராமல் உட்கார்ந்துவிட்டது. ஒரு மீட்டருக்கு மேல் மழை. ஒரு வருட மழை பத்து நாளுக்குள் கொட்டியது. பிப்ரவரி 3 இரவு, ஊருக்கு மேலே இருக்கும் ராஸ் ஆற்று அணையின் மதகுகளை முழுக்கத் திறந்தார்கள். உள்நாட்டில் பல வருட வறட்சியில் எலும்பும் தோலுமாக இருந்த மாடுகள், மழைக்காகக் காத்திருந்த அதே மாடுகள், விடாத மழையிலும் குளிர்காற்றிலும் லட்சக்கணக்கில் செத்தன. அந்தப் படங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

அதே மழை தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால், ஜனவரி 24, அடிலெய்டில் 46.6 டிகிரி. மாநிலத் தலைநகரங்களில் அதுவரை பதிவானதிலேயே அதுதான் அதிகம்.

பயணப்பித்து (பிரிஸ்பேன்), புதன் காலை

கொஞ்சம் பயமுறுத்துகிறோமோ என்று தோன்றுகிறது. நான் எட்டு ஜனவரியில் வடக்கே போயிருக்கிறேன். ஒரு தடவைகூட மாட்டிக்கொண்டதில்லை. மழை என்றால் மதியம் இரண்டு மணி நேரம் அடித்து ஓயும். அருவியெல்லாம் நிரம்பி வழியும். கூட்டமே இருக்காது. 2019 மாதிரி ஒன்று எப்போதாவதுதான் வரும். அதற்காகத் தங்கை வீட்டுக்கே போகாமல் இருப்பதா?

காற்றாடி (கான்பரா), புதன் காலை

நாலுதிசை, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பார்த்த மூன்று முகமும் ஒரே காரணத்தின் மூன்று பக்கம். இதை விளக்க எனக்கு ஆசை, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் அழுத்த வரைபடம் இருக்கும், கோடுகோடாக. அதில் பெரிய வட்டங்களுக்கு நடுவே உயரழுத்தக் குறி போட்டிருப்பார்கள். கோடையில் இந்த உயரழுத்தங்கள் கண்டத்தின் தெற்கு விளிம்பை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்கே ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டே இருக்கும். தென் அரைக்கோளத்தில் உயரழுத்தத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை உயரழுத்தம் கண்டத்துக்குத் தெற்கே, கிரேட் ஆஸ்திரேலியன் பைட் என்ற பெருவளைகுடாவில் இருந்தது. அதன் கிழக்குப் பக்கத்தில் மெல்பன். அங்கே காற்று தெற்கிலிருந்து, கடலின் மேல் வரும். அதனால் அம்மாவுக்கு ஸ்வெட்டர். அதன் வடமேற்கே பெர்த். அங்கே காற்று கிழக்கிலிருந்து, பாலைவனத்தின் மேல் வரும். அதனால் தம்பிக்குப் பனியன். டவுன்ஸ்வில் இந்த ஆட்டத்துக்கு வடக்கே, பருவமழைத் தாழ்வின் பக்கத்தில் இருக்கிறது. மூன்று பேரும் ஒரே படத்தில் வேறு வேறு மூலையில் நின்றீர்கள்.

இப்போது அந்த உயரழுத்தத்தைக் கிழக்கே தள்ளுங்கள். மூன்று நான்கு நாளில் அது நியூசிலாந்துக்கும் நமக்கும் நடுவிலுள்ள டாஸ்மன் கடலுக்குப் போய்விடும். அப்போது மெல்பன் அதன் மேற்குப் பக்கத்துக்கு வந்துவிடும். காற்று வடக்கிலிருந்து, நாட்டின் நடுவில் வெந்த மண்ணின் மேல் இறங்கும். ஸ்வெட்டர் போட்ட அதே ஊரில் 40 டிகிரி. பெர்த்தில் அதற்குள் கடல் காற்று வந்திருக்கும்.

அதனால் எந்த ஊர் நல்ல ஊர் என்று பட்டியல் போட்டுப் பயனில்லை. அந்த மூன்று நாளில் அந்த ஊருக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட உதவும் கேள்வி கிடையாது.

இன்னொன்று. டார்வின் விமான நிலையத்தில் இதுவரை 40 டிகிரி பதிவானதில்லை. ஹோபார்ட்டில் 2013 ஜனவரி 4 அன்று 41.8. அண்டார்டிகா பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் ஊருக்கு அவ்வளவு வெயில். டார்வினைச் சுற்றிக் கடலும் மேகமும் இருக்கின்றன. ஹோபார்ட்டுக்கு அன்று காற்று வடமேற்கிலிருந்து, உள்நாட்டுச் சூட்டை அள்ளிக்கொண்டு கடலைத் தாண்டி வந்தது.

நாலுதிசை (மெல்பன்), புதன் மாலை

காற்றாடி, நீங்கள் எழுதியதை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒன்று சொன்னார். எங்கள் ஊரில் காற்றுக்கு நான்கு பெயர். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை. தென்றல் இதம், வாடை குளிர், கொண்டல் மழை, கோடை சூடு. "இங்கே பேரெல்லாம் இடம் மாறிப் போச்சு போலிருக்கே" என்றார்.

நான் காகிதத்தில் ஆஸ்திரேலியா வரைந்து கொடுத்தேன். அவரே அம்புக்குறி போட்டார். மெல்பனுக்கு வாடை சுடும், தென்றல் நடுங்க வைக்கும். பெர்த்துக்குக் கொண்டல் சுடும். அப்பா பேரப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அதைக் காட்டிக்கொண்டிருக்கிறார். காகிதம் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

மேற்குவாசல் (பெர்த்), புதன் இரவு

அம்மா போட்ட அம்பு ரொம்பச் சரி. பெர்த்தில் இருப்பவனாகச் சொல்கிறேன், கோடையில் எங்கள் வாழ்க்கையே கிழக்குக் காற்றுக்கும் கடல் காற்றுக்கும் நடுவில்தான். இரவெல்லாம் மேட்டுப்பக்கமிருந்து கிழக்குக் காற்று சன்னலைத் தட்டும். காலை ஒன்பது மணிக்கே வெளியே உலர்த்திய துண்டு அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்குள் தென்மேற்குக் காற்று வரும். அதற்கு இங்கே ஃபிரிமேன்டில் டாக்டர் என்றே பெயர், வைத்தியர் வந்த மாதிரி. மரத்தின் இலையெல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வெள்ளையாகத் தெரியும், அதுதான் அடையாளம். ஐந்து நிமிடத்தில் வீட்டுக் கதவெல்லாம் திறந்துவிடுவோம்.

அந்த வைத்தியர் வராத நாள்தான் பிரச்சினை. கடற்கரையை ஒட்டி ஒரு தாழ்வழுத்தப் பள்ளம், அதாவது அழுத்தம் குறைந்த நீண்ட பட்டை, நிற்கும். அது கடல் பக்கம் இருக்கும்வரை கிழக்குக் காற்றுக்குத்தான் ஆட்சி. உள்நாட்டுக்கு நகர்ந்தால்தான் கடல் காற்று உள்ளே வரும். 2022 ஜனவரி 18லிருந்து தொடர்ந்து ஆறு நாள் 40க்கு மேல் போனது. ராத்திரியும் வீடு ஆறவே இல்லை.

அதே வாரம் தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தில் வெள்ளம். ஒரு புயலின் மிச்சம் உள்நாட்டில் இறங்கிக் கொட்டியதில் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை பல இடத்தில் அரித்துப் போனது. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை துண்டானது. கூபர் பீடி என்ற சுரங்க ஊருக்கு விமானப்படை விமானத்தில் சாப்பாட்டுப் பொருள் கொண்டுபோனார்கள். வருடம் முழுக்கத் தூசி பறக்கிற ஊர் அது. எங்கள் சூப்பர்மார்க்கெட்டில் வாரக்கணக்கில் அலமாரி காலி. வெயிலில் வெந்துகொண்டே, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழையால் பாஸ்தா கிடைக்காமல் இருந்தோம். அதற்கப்புறம் நான் பக்கத்து மாநில வானிலையையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

பனைநிழல் (மெல்பன் புறநகர்), வியாழன் காலை

நாலுதிசை அண்ணை, மெல்பனிலேயே கூடுவதென்றால் ஒரு விசயத்தை அம்மா அப்பாவுக்கும் வடிவாக விளங்கப்படுத்துங்கள். இங்கே சூட்டைவிடக் காற்று திரும்புகிற நேரம்தான் ஆபத்து.

நான் 2009இல் இங்கே வந்து முதல் கோடை. ஜனவரி 28, 29, 30 மூன்று நாளும் 43க்கு மேல். தண்டவாளம் வளைந்து ரயில் நின்றது, கரண்டும் போனது. ஒரு கிழமை கழித்து பிப்ரவரி 7, சனிக்கிழமை, 46.4. கறுப்புச் சனி என்று சொல்கிறார்களே, அந்த நாள். காலையிலிருந்து வடக்குக் காற்று அடுப்புக் கதவைத் திறந்த மாதிரி வீசியது. காட்டுத்தீ தெற்கு நோக்கி நீளமாக, ஒல்லியாக ஓடிக்கொண்டிருந்தது. பின்னேரம் தென்மேற்குக் காற்று வந்தது. நகரத்தில் இருந்த நாங்கள் "அப்பாடா" என்று சன்னலைத் திறந்தோம். அதே நேரத்தில் மலைப்பக்கம், தீயின் நீண்ட பக்கவாட்டு முழுவதும் முன்முகமாகி ஊர்களுக்குள் பாய்ந்தது. அன்று மூண்ட தீயில் 173 பேர் செத்துப் போனார்கள். எங்களுக்கு நிம்மதி தந்த காற்றுதான் அவர்களுக்கு எமன் ஆனது. அன்றிரவு செய்தி பார்த்த பிறகு அந்தச் சன்னலை நான் எழுந்து போய்ச் சாத்தினேன். ஏன் என்று தெரியவில்லை.

அதே நாட்களில் குயின்ஸ்லாந்தில் இங்கம் என்ற ஊர் வெள்ளத்துக்குள் கிடந்தது.

அதனால் கடற்கரைப் பாதை, காட்டுப் பக்கம் என்று வெளிக்கிட்டால் அன்றைய தீ ஆபத்து அளவைப் பாருங்கள். 2022 செப்டம்பரிலிருந்து நாடு முழுக்க ஒரே நான்கு படிகள். கடைசிப் படி பேரழிவு என்ற படி. அது போட்டால் காட்டோரம் இருக்கவே கூடாது, முதல் நாளே அல்லது விடியவே கிளம்பிவிட வேண்டும். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் முற்றத்தில் விறகு அடுப்பும் மூட்டக் கூடாது. பொங்கலுக்கு எங்கள் சங்கத்தில் ஒருமுறை அடுப்புக் கல்லெல்லாம் அடுக்கிவிட்டு, தடை என்றதும் உள்ளே மின்சார அடுப்பில் பொங்கினோம். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மழைமானி (வடக்கு குயின்ஸ்லாந்து), வியாழன் மதியம்

பயணப்பித்து தம்பி, நீங்கள் எட்டு தடவை போய் வந்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. பச்சை பிடித்த வடக்கைப் போல அழகு எங்கும் கிடையாது. ஆனால் எனக்கும் ஒரு பதினோரு தடவை ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டாவது தடவையைச் சொல்கிறேன்.

இதே மாதிரி ஒரு நீண்ட வார இறுதி. வீட்டில் வெயில். மலைப்பக்கம் நண்பர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறோம். வழியில் ஒரு தாழ்வான பாலம், போகும்போது காய்ந்திருந்தது. திரும்பும்போது அதன் மேல் தண்ணீர். பெரிதாக ஒன்றுமில்லை, தேநீர் நிறத்தில் அமைதியாகத்தான் ஓடியது. பக்கத்தில் அளவுக் கம்பம், 0.2 மீட்டர் என்ற கோடு பாதி தெரிந்தது. பின்னால் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுகரையில் ஒரு ஜீப் வந்து நின்று, அப்புறம் இறங்கியது. பாதியில் பின்பக்கம் மெதுவாக இடது பக்கம் நழுவியது. சத்தமே இல்லை. எப்படியோ ஏறி வந்துவிட்டார். கதவைத் திறந்து நின்றவருக்குக் கை நடுங்கியது, ஒரு வார்த்தை பேசவில்லை.

நாங்கள் காரைத் திருப்பினோம். நண்பர் வீட்டில் இரண்டு இரவு. மழை எங்கள் தலையில் ஒரு சொட்டுகூட விழவில்லை, மேலே மலையில் பெய்ததுதான் இறங்கி வந்தது.

நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 2017இல் உண்மையான காரையே தண்ணீரில் விட்டுச் சோதித்தார்கள். மெதுவாக ஓடும் 15 சென்டிமீட்டர் தண்ணீரிலேயே சின்னக் கார் நகரத் தொடங்கிவிட்டது. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு 45. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். தங்கை வீட்டுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. ஜூலையில் போங்கள். வானம் துடைத்து விட்ட மாதிரி இருக்கும், 25 டிகிரி, கடலில் விஷ ஜெல்லிமீன் காலமும் முடிந்திருக்கும்.

பயணப்பித்து (பிரிஸ்பேன்), வியாழன் மாலை

மழைமானி அண்ணா, படித்தேன். அந்த 0.2 கம்பத்தைத் தாண்டி நானும் போயிருக்கிறேன், இரண்டு தடவை. பிள்ளைகள் காரில் இருந்தார்கள். அதை இங்கே எழுத வேண்டும் என்று தோன்றியது. இனி செய்ய மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சேர்க்கிறேன். வடக்கே மட்டும்தான் வெள்ளம் என்று தெற்கில் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம். 2013இல் இதே ஜனவரி 26 வார இறுதி. ஆஸ்வால்ட் என்ற புயல் வலுவிழந்து, அதன் மிச்சம் குயின்ஸ்லாந்துக் கரையை ஒட்டி அப்படியே தெற்கே இறங்கியது. சனிக்கிழமை பண்டபெர்க் பக்கம் பர்காராவில் சுழற்காற்று கூரைகளைப் பிடுங்கியது. செவ்வாய்க்கிழமை பண்டபெர்க்கில் பர்னெட் ஆற்று வெள்ளம் 9.53 மீட்டரைத் தொட்டது. வடகரையில் இருந்தவர்களை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். அந்தச் சனிக்கிழமைக்கு எட்டு நாள் முன்னால்தான் சிட்னியில் 45.8 டிகிரி. புயல் வலுவிழந்தது என்று செய்தி வந்ததும் நாங்களெல்லாம் கவலையை விட்டோம். காற்றுதான் வலுவிழந்திருந்தது. தண்ணீர் அப்படியே இருந்தது.

காற்றாடி (கான்பரா), வியாழன் இரவு

பயணப்பித்து, இதை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. இந்த இழையைப் படிக்கும் யாராவது ஒருவர் காரைத் திருப்பினால் போதும்.

முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டார்கள். எல்லோருக்குமாக இங்கேயே சொல்கிறேன்.

வெப்பநிலை என்று போடுவது நிழலில், தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், காற்றோட்டமான பெட்டிக்குள் அளந்தது. கார் நிறுத்துமிடத்தின் தாரில் குழந்தை நிற்கும்போது அந்த எண்ணை நம்பாதீர்கள். மழை அளவு 5 முதல் 15 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், 15தான் உச்சம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு இடிமழை உங்கள் தெருவில் 40 கொட்டிவிட்டு அடுத்த தெருவை விட்டுவிடும். மீன்பிடிக்கப் படகில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: கடல் முன்னறிவிப்பில் சொல்வது சராசரிக் காற்று. வீச்சு அதைவிட 40 சதவீதம் கூடுதலாக வரலாம், அலை இரண்டு மடங்கு உயரலாம். இதை மையமே ஒவ்வொரு அறிவிப்பிலும் எழுதுகிறது, நாம்தான் தாண்டிப் போகிறோம்.

அப்புறம் வெப்ப அலை என்ற சொல். இங்கே அதற்கு நாடு முழுக்க ஒரே எண் கிடையாது. அந்த இடத்துக்கு வழக்கத்தை மீறிய சூடு, பகலிலும் இரவிலும், மூன்று நாளாவது தொடர வேண்டும். டாஸ்மேனியாவில் வெப்ப அலை என்று சொல்லும் அளவு டார்வின்காரருக்குச் சாதாரண நாள். அதனால் "33தானே, இதற்கு ஏன் எச்சரிக்கை" என்று அப்பா கேட்டால், அந்த ஊர் வீடுகளும் உடம்புகளும் அதற்குப் பழகவில்லை என்று சொல்லுங்கள். வயதானவர்களுக்குப் பகலைவிட ஆறாத இரவுதான் கெடுதல். ராத்திரி எத்தனை டிகிரிக்கு இறங்குகிறது என்று கட்டாயம் பாருங்கள்.

தென்முனை (ஹோபார்ட்), வெள்ளி காலை

எங்கள் ஊரை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். 2013இல் அந்த 41.8 நாளில் நான் இங்கே இருந்தேன். டனாலி என்ற ஊர்ப் பக்கம் காட்டுத்தீ. வானம் மதியமே செம்மண் நிறமாகிவிட்டது. அதே ஹோபார்ட்டில் கோடையிலும் 1,271 மீட்டர் மலையின் உச்சியில் பனி விழும். கீழே பிள்ளைகள் அரைக்கை சட்டையில், மேலே வெள்ளை. எந்தப் பருவத்தில் வந்தாலும் ஒரு கனமான ஜாக்கெட் பெட்டியில் இருக்கட்டும் என்று எல்லா விருந்தினருக்கும் சொல்வேன். தென்கடல் காற்று வந்தால் கோடைக்கும் குளிருக்கும் ஒரு மணி நேர இடைவெளிதான்.

நாலுதிசை (மெல்பன்), வெள்ளி இரவு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முடிவு செய்துவிட்டோம். கூடுவது மெல்பனில், என் வீட்டில். டவுன்ஸ்வில் பயணம் ஜூலை பள்ளி விடுமுறைக்கு. அம்மா அப்பா அதுவரை இங்கேதான் இருப்பார்கள். தங்கைக்கு முதலில் வருத்தம், மழைமானி அண்ணாவின் பாலம் கதையை அனுப்பினேன், "அந்தப் பாலம் எனக்குத் தெரியும்" என்று மட்டும் பதில் வந்தது.

எந்த நாளில் எங்கே என்று எதையும் பதிவு செய்யவில்லை. சூடான நாளில் வீட்டுக்குள், காற்று திரும்பிய மறுநாள் கடற்கரை. அந்த அளவுக்கு மட்டும் திட்டம்.

நாலுதிசை (மெல்பன்), விடுமுறை முடிந்த செவ்வாய்

போய் வந்து சொல்ல வேண்டும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

காற்றாடி சொன்னபடியே உயரழுத்தம் டாஸ்மன் கடலுக்குப் போனது. தம்பி வெள்ளிக்கிழமை பெர்த்தில் விமானம் ஏறும்போது அங்கே 28, நல்ல கடல் காற்று. இங்கே இறங்கியபோது இரவு பத்து மணிக்கும் 35. "நான் சூட்டிலிருந்து தப்பித்து வருகிறேன் என்று நினைத்தேன்" என்றான். தங்கையின் விமானம் இடிமழையால் நான்கு மணி நேரம் தாமதம், ஆனால் வந்து சேர்ந்தாள்.

சனிக்கிழமை முழுத் தீத்தடை. 41 டிகிரி. திரைச்சீலையெல்லாம் இழுத்துவிட்டு, கூடத்தில் பாய் விரித்து, பத்து பேரும் தரையில் கிடந்தோம். அப்பா ஐந்து வருடக் கதையையும் சொன்னார். வெளியே போயிருந்தால் இவ்வளவு பேசியிருக்க மாட்டோம்.

மாலை ஐந்தேகால் இருக்கும். வடக்கு வாசல் திரை உள்ளே உப்பிக்கொண்டிருந்தது, சட்டென்று தொங்கிவிட்டது. ஒரு நிமிடம் ஒன்றுமே அசையவில்லை. பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது. அப்புறம் தெற்கு சன்னல் படீரென்று அடித்தது. பின்முற்றத்தில் காய்ந்த யூகலிப்டஸ் இலையெல்லாம் ஒரே திசையில் ஓடியது. அரை மணி நேரத்தில் 24 டிகிரி. பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

அம்மா ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்று அந்தக் காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, மலைப்பக்கம் இன்று தீ எதுவும் இல்லையே, பார்த்துச் சொல் என்றார். பனைநிழல் எழுதியதையும் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன். எச்சரிக்கைப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். ஒரு புல் தீ, அணைத்துவிட்டார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை என்று இருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் அவர் முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

பனைநிழல் (மெல்பன் புறநகர்), விடுமுறை முடிந்த செவ்வாய்

அண்ணை, அந்தப் புல் தீ எங்கள் பக்கம்தான். ரோட்டோரம், இருபது நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். அம்மாவிடம் நாங்கள் எல்லோரும் சுகம் என்று சொல்லுங்கள்.

மழைமானி (வடக்கு குயின்ஸ்லாந்து), விடுமுறை முடிந்த செவ்வாய்

ஜூலையில் வரும்போது ஒரு நாள் எங்கள் வீட்டுக்கும் வர வேண்டும். அந்தப் பாலம் வழியாகத்தான் வழி. அப்போது அதில் தண்ணீரே இருக்காது, இறங்கி நின்று கம்பத்தைப் பார்க்கலாம்.